வாசகர் கேள்வி: போஸ்டர் ஒட்டினா கல்ச்சர் வந்துடுமா?

கேள்வி: சார், நான் திருநெல்வேலி பக்கம் காத்தாடில கரண்ட் எடுக்கற ஒரு கம்பெனில மெயின்டனன்ஸ் பாக்கறேன். போன ஜூன்ல எங்க டெக்னீஷியன் பையன் ஒருத்தன் கியர்பாக்ஸ் ஆயில்ல இரும்புத்தூள் வருதுன்னு எழுதிக் குடுத்தான். காத்து சீசன்ல மிஷினை நிறுத்தச் சொல்றியான்னு மேல இருந்து செம திட்டு. ஆகஸ்ட்ல கியர்பாக்ஸ் போயிடுச்சு. இப்ப கம்பெனி கல்ச்சர்னு ரெண்டு நாள் கிளாஸ் எடுத்து சுவர் பூரா போஸ்டர் ஒட்டியிருக்காங்க. நிஜமாவே கல்ச்சருக்கும் லாபத்துக்கும் சம்பந்தம் இருக்கா, இல்ல ஹெச்.ஆர். பொழப்பு ஓடணுமா?

பதில்: சம்பந்தம் இருக்கு, போஸ்டருக்குத்தான் இல்ல. ஜப்பான்ல ஒரே கடற்கரையில இருக்கற ரெண்டு கரண்ட் கம்பெனி கதைய கேளுங்க.

ஃபுகுஷிமா டாய்ச்சிங்கற அணு மின் நிலையம் டெப்கோ கம்பெனியோடது. 1960கள்ல இடம் தயார் பண்றப்ப அங்க 35 மீட்டர் உசரத்துக்கு மேடு இருந்துச்சு, அதை வெட்டி 10 மீட்டருக்கு இறக்கிட்டாங்க, பெரிய சாமான் எல்லாம் கப்பல்ல கொண்டாந்து இறக்க சுலபம், கடல் தண்ணிய மேல ஏத்துற பம்ப் செலவும் மிச்சம். அதுக்கு வடக்கால ஒனகவா அணு மின் நிலையம், தோஹோக்கு எலக்ட்ரிக் கம்பெனியோடது. அங்க துணைத் தலைவரா இருந்த ஹிராய் யானோசுகேன்னு ஒரு பெரியவர் கி.பி. 869ல வந்த சுனாமியக் காட்டி, கிட்டத்தட்ட 15 மீட்டர் உசரம் வேணும்னு பிடிவாதமா நின்னார். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தின அலைக்கு இன்னிக்கு யாருங்க காசு செலவு பண்ணுவா? பண்ணினாங்க. 14.8 மீட்டர்ல கட்டினாங்க.

2011 மார்ச் 11 நிலநடுக்கத்துல ஒனகவா தரையே ஒரு மீட்டர் இறங்கி 13.8 ஆயிடுச்சு, வந்த அலை 13 மீட்டர். மிச்சம் 80 சென்டிமீட்டர், சாப்பாட்டு மேசை உசரம்தான்! வீடு வாசல் போன ஊர்க்காரங்க முன்னூறு பேருக்கு மேல அந்த பிளான்ட்டுக்குள்ளயே வந்து தங்கினாங்க. இத்தனைக்கும் நிலநடுக்கம் கிளம்பின இடத்துக்கு ஃபுகுஷிமாவை விட இதுதான் கிட்ட. (அங்கயும் தீ பிடிச்சது, வெளில இருந்து வர்ற அஞ்சு கரண்ட் லைன்ல நாலு போச்சு, அதிர்ஷ்டமும் கொஞ்சம் உண்டு.)

டெப்கோவுக்கு வருவோம். சோதனை ரெக்கார்டுல பொய்யா மாத்தி எழுதினது 2002ல வெளிய வந்து தலைவர் ராஜினாமா பண்ணார், 2003 ஏப்ரல்ல அவங்க 17 ரியாக்டரும் (அணு உலை) நின்னு கிடந்துச்சு, லாபம் எங்க போச்சுன்னு இங்கயே பாத்துக்கலாம். அப்பவும் திருந்தல. 2008ல அவங்க சொந்தக் கணக்கே ஃபுகுஷிமாவுக்கு 15.7 மீட்டர் அலை வரலாம்னு காட்டுச்சு, இன்னும் ஆராயலாம்னு தள்ளிப் போட்டாங்க. 2011ல அலை உள்ள புகுந்து ரியாக்டர் உருகிப் போச்சு. 2012ல அரசாங்கம் ஒரு லட்சம் கோடி யென் போட்டு கம்பெனியவே கைக்குள்ள எடுத்துக்கிச்சு.

இதுல எனக்கு மனசுல தைக்கறது யோஷிதா மசாவோ விஷயம். 2008ல அந்தக் கணக்கு வந்து சேர்ந்த துறைக்கு அவர்தான் தலைவர், 2011ல ஃபுகுஷிமா பிளான்ட்டுக்கும் அவரே தலைவர். சூடு தணிய ரியாக்டருக்குள்ள கடல் தண்ணி ஊத்தறதை நிறுத்துன்னு மேல இருந்து சொன்னப்போ, எல்லார் காதுலயும் விழற மாதிரி நிறுத்துன்னு ஆர்டர் போட்டுட்டு, பொறுப்புல இருந்தவர்கிட்ட மட்டும் முன்னாடியே நிறுத்தாதன்னு சொல்லி வச்சிருந்தார். நல்லது பண்றதுக்கே மேலிடத்துகிட்ட நடிக்க வேண்டியிருந்துச்சு பாருங்க, அதான் அங்க இருந்த கல்ச்சர்.

உங்க கதையில ஜூன்ல ரெண்டு நாள் நிறுத்திப் பாத்திருந்தா போற யூனிட் கொஞ்சம்தான். ஆகஸ்ட்ல கிரேன் வாடகை, புது கியர்பாக்ஸ், மிச்ச சீசன் பூரா மிஷின் நின்ன நஷ்டம், இதை எல்லாம் ஒரு தாள்ல கூட்டி அந்த போஸ்டர் பக்கத்துலயே ஒட்டச் சொல்லுங்க. அப்புறம், இரும்புத்தூள் வருதுன்னு எழுதிக் குடுத்த பையனுக்கு இந்த வருஷம் இன்க்ரிமென்ட் எவ்வளவு போட்டாங்க? அதை மட்டும் விசாரிச்சு எனக்கு எழுதுங்க.