நாற்பதுக்கு மேல் மேல்தாடையை விரிக்கலாமா?

கேள்வி: வயது 43. மேல்தாடை குறுகலாக இருப்பதால், மேல் கடைவாய்ப் பற்கள் இரு பக்கமும் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாகக் கடிக்கின்றன. அறுவைச் சிகிச்சைதான் வழி என்கிறார் ஒரு மருத்துவர். அண்ணத்தில் ஸ்க்ரூ வைத்தே விரிக்கலாம் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: இதை வயது மட்டும் முடிவு செய்வதில்லை. மேல்தாடையின் இரு பாதிகளும் அண்ணத்தின் நடுவே சேரும் எலும்புப் பொருத்து எந்த நிலையில் இருக்கிறது என்பதே முக்கியம். சிபிசிடி என்னும் முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேனில் அதை ஏ முதல் இ வரை ஐந்து நிலைகளாகப் பிரித்துப் பார்ப்பார்கள். சி நிலையில் பொருத்து இன்னும் மூடவில்லை. அண்ணத்தில் சிறு ஸ்க்ரூ வைத்து விரிக்கும் மினி ஸ்க்ரூ முறைக்கு நல்ல வாய்ப்பு உண்டு. டி நிலையில் பின்பகுதி ஒட்டிவிட்டிருக்கும். இ நிலையில் முன்பகுதியும் ஒட்டியிருக்கும். அப்போது பெரும்பாலும் அறுவைதான். எனவே ஸ்கேன் எடுக்காமல் இரண்டில் எதற்கும் சம்மதிக்காதீர்கள்.

சிறுவர்களுக்குப் பொருத்தும், பற்களை மட்டும் பிடிக்கும் சாதாரண எக்ஸ்பேண்டர் (விரிக்கும் கருவி) உங்களுக்கு வேண்டாம். எலும்பு நகராமல் பற்கள் மட்டும் கன்னப் பக்கம் சாயும். வேரின் மேலுள்ள மெல்லிய எலும்பு கரைந்து ஈறு இறங்கும். கழற்றியதும் பற்கள் பழையபடி உள்ளே திரும்பவும் செய்யும்.

மினி ஸ்க்ரூ முறையில், மரத்துப்போகும் ஊசி போட்டு, வழக்கமாக நான்கு ஸ்க்ரூக்களை அண்ணத்தில் இறக்கி, விரிக்கும் கருவியை அவற்றில் பிடிக்க வைப்பார்கள். ஸ்க்ரூவின் தடிமன் 1.5 முதல் 1.8 மி.மீ. நீளம் பெரும்பாலும் 11 அல்லது 13 மி.மீ. முனை, அண்ண எலும்பைக் கடந்து மூக்கின் தரை எலும்பையும் பிடிக்க வேண்டும். அண்ணப் பக்க எலும்பை மட்டும் பிடித்த ஸ்க்ரூ வளையும் அல்லது ஆடும். இந்த முறை தோற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அறுவை முறையில், முழு மயக்கத்தில் தாடை எலும்பைப் பக்கவாட்டிலும் நடுவிலும் வெட்டித் தளர்த்துவார்கள். சுமார் 5 முதல் 7 நாள் ஓய்வுக்குப் பிறகு, நாளுக்கு ஏறக்குறைய 0.5 மி.மீ. வீதம் விரிப்பார்கள்.

கேள்வி: வீட்டில் கணவர்தான் விரிக்கும் கருவியின் சாவியைத் திருப்புகிறார். சரியாகத் திருப்புகிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: சாவியின் பிடியில் பல் நூலை நீளமாகக் கட்டி விரலில் சுற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், கை தவறினால் தொண்டைக்குள் போகாது. கருவியின் நடு ஸ்க்ரூவில் உள்ள துளையில் நுழைத்து, முன்னிருந்து பின்னாகத் தள்ள வேண்டும். அடுத்த துளை முழுதாகத் தெரிந்தால்தான் ஒரு சுற்று முடிந்ததாகக் கணக்கு. சாவியை முன்பக்கமாக இழுத்து எடுத்தால் அந்த ஸ்க்ரூவும் கூடவே பழையபடி திரும்பிவிடும். தொண்டைப் பக்கமாகச் சாய்த்தே கழற்றுங்கள். ஒரு சுற்றுக்கு எத்தனை மி.மீ. என்பது கருவிக்குக் கருவி மாறும். அதனால் உங்கள் மருத்துவர் எழுதிய எண்ணிக்கையைத் தாண்டாதீர்கள்.

மூக்குத் தண்டிலும் கண்களுக்கு நடுவிலும் அழுத்தம் தெரிவது இயல்பு. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுவதுதான் எலும்பு பிரிந்ததற்கான அடையாளம். இரண்டு வாரம் திருப்பியும் அது வராமல், திருப்பும்போது இறுக்கமும் வலியும் ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். விடாமல் திருப்பினால் அண்ணத்து ஸ்க்ரூதான் வளையும்.

கேள்வி: விரிந்தாயிற்று. கருவியை எப்போது கழற்றுவார்கள்? முன்பல் இடைவெளியை அடைத்துவிடலாமா?

பதில்: பிளவில் புது எலும்பு ஊறிக் கெட்டிப்பட வேண்டும், பெரியவர்களுக்கு ஆறு மாதமாவது கருவி வாயில் இருப்பது நல்லது. ஸ்க்ரூவைச் சுற்றி மென்மையான பிரஷ்ஷால் தினமும் துலக்குங்கள். அங்கே ஈறு வீங்கினால் ஸ்க்ரூ தளரும். முன்பல் இடைவெளியை எதைக்கொண்டும் அடைக்காதீர்கள். ஈறு நார்களே சில மாதங்களில் பற்களைப் பெருமளவு இழுத்துச் சேர்த்துவிடும். மீதியைக் கிளிப் மூடும்.