641: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

பெர்மா எண்கள் (2 பவர் 1, 2, 4, 8, 16, 32ன்னு பவர் ரெட்டிப்பாயிட்டே போக, ஒவ்வொண்ணோடயும் 1 கூட்டினா வர்ற எண்கள்) பத்தி நீங்க எழுதினத படிச்சிட்டு நானும் பொண்ணும் 4294967297 பகா எண்ணான்னு பாக்க போன் கால்குலேட்டரோட உக்காந்தோம். 3, 7, 11னு ஒவ்வொரு பகா எண்ணா 503 வரைக்கும் வகுத்தோம், எதுலயும் மீதியில்லாம போகல, விட்டுட்டோம். கம்ப்யூட்டர் இல்லாத 1732ல கணித மேதை ஆய்லர் இது பகா எண் இல்லன்னு எப்படி சார் கண்டுபிடிச்சார்? அடுத்த எண்ணுக்கும் அதே வழி சரிப்படுமா?

வணக்கம்,

அடடா, 503ல நிறுத்திட்டீங்களே! அதுக்கப்புறம் இருபதாவது பகா எண் 641, அதுல சரியா போயிருக்கும். 641 × 6700417, பெருக்கி பாருங்க.

3, 5, 17, 257, 65537 அஞ்சும் பகா எண்ணா இருக்கறத வச்சு, அடுத்து வர்ற 2 பவர் 32 கூட்டல் 1ம், அதாவது உங்க 4294967297ம், அப்படித்தான்னு 1640ல பெர்மாங்கற பிரெஞ்சு கணிதர் நம்பினார். 92 வருஷம் கழிச்சு ஆய்லர் 641ன்னு சொல்லிட்டார், வழிய மட்டும் பின்னாடி ஒரு கட்டுரையில எழுதினார். இந்த எண்ண வகுக்கற பகா எண் எதுவானாலும் அத 64ஆல வகுத்தா மீதி 1 வந்தே ஆகணும், இதுதான் அவர் நிரூபிச்சது. அப்போ 65, 129, 193ன்னு 64 64ஆ கூட்டிட்டே போனா போதும், அதுலயும் 3லயும் 5லயும் போறத தள்ளிட்டா 193, 257, 449, 577, அஞ்சாவதா 641. அஞ்சே வகுத்தல்!

எனக்கு இதவிட பிடிச்சது, 429 கோடிய தொடாமலே 641 வகுக்கும்னு காட்டுற கணக்கு, பொண்ண பேப்பர் பேனாவோட கூப்பிடுங்க. 640ங்கறது 641க்கு ஒண்ணு கம்மி, அதனால 641ஆல வகுத்தா வர்ற மீதிய மைனஸ் 1னு வச்சுக்கலாம். 640ன்னா 5 × 2 பவர் 7. இதையே நாலு தடவ வச்சு ஒண்ணோட ஒண்ணு பெருக்கினா 5 பவர் 4 × 2 பவர் 28, மீதி மைனஸ் போயி 1 ஆயிடும். 5 பவர் 4 எவ்வளவு? 625. அது 641க்கு 16 கம்மி, 16ன்னா 2 பவர் 4, ஆக 625 இருக்கற எடத்துல மைனஸ் 2 பவர் 4 போடுங்க, 4ம் 28ம் சேந்து 32 ஆயிடுச்சு பாருங்க, மைனஸ் 2 பவர் 32க்கு மீதி 1, அப்போ 2 பவர் 32க்கு மீதி மைனஸ் 1, அதோட 1 கூட்டினா மீதி பூஜ்யம். ஒரே எண்ணு 640 கூட்டல் 1ஆவும் 625 கூட்டல் 16ஆவும் நிக்குதே, அதாலதான் இது நடக்குது, எத்தன தடவ எழுதினாலும் எனக்கு சந்தோஷமா இருக்கும்.

பொண்ணுக்கு இன்னொண்ணு: பெர்மாவோட அந்த அஞ்சு எண்ணையும் பெருக்கச் சொல்லுங்க, 4294967295 வரும், நம்ம எண்ணுக்கு ரெண்டு கம்மி. சதுரங்க கட்டத்துல ஒண்ணு, ரெண்டு, நாலுன்னு நெல்லு வச்சுட்டு போற கதையில பாதி பலகைக்கு, அதாவது 32 கட்டத்துக்கு, வர்ற மொத்த நெல்லும் இதேதான்.

அடுத்த எண் 2 பவர் 64 கூட்டல் 1, அதுக்கும் இந்த வழி சரிதான், ஆனா 64க்கு பதில் 128ஆ கூட்டிட்டு போகணும். 1880ல லாண்ட்ரிங்கற பிரெஞ்சுக்காரர் தன்னோட 82ஆவது வயசுல அத பிரிச்சார். வகுக்கற எண் 274177, 128 128ஆ போற அந்த வரிசையில 2142ஆவது.