ஒரு நூலிழைச் சிவப்பு போதும்

கேள்வி: ருமேனிய நாட்டார் வழக்கில் சிவப்பு நிறத்துக்கு உள்ள பொருளைப் பற்றிய 128 பக்கத் தமிழ் நூலை வடிவமைக்கிறேன். முழுச் சிவப்பு அட்டை, அத்தியாயத் தொடக்கங்களில் முழுப் பக்கச் சிவப்பு, கிரீம் நிறக் காகிதம் என்று திட்டம். பணம் குறைவு. சரியாக வருமா?

பதில்: அட்டையிலிருந்து முழுச் சிவப்பை முதலில் எடுத்துவிடுங்கள். ருமேனியா என்றாலே வெளியாருக்கு டிராகுலாதான் நினைவுக்கு வரும். அதற்கு மேல் ரத்தச் சிவப்பில் அட்டையும் போட்டால், கடைக்காரர் உங்கள் நூலைப் பேய்க்கதை அடுக்கில் வைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

இதைவிட முக்கியமான காரணம் உள்ளடக்கத்திலேயே இருக்கிறது. அந்த ஊர் வழக்கில் சிவப்பு பெரும்பாலும் சிறிய அளவில்தான் வருகிறது. பிறந்த குழந்தையின் மணிக்கட்டில் ஒரு சிவப்பு இழை. குதிரையின் கடிவாளத்தில் ஒரு சிவப்புக் குஞ்சம். கண்ணேறு வைப்பவனின் பார்வை முதலில் அந்தச் சிவப்பில் பட்டுத் தன் வேகத்தை இழந்துவிடும் என்பது நம்பிக்கை. சுற்றிலும் சிவப்பாக இருந்தால் பார்வை எதில் போய் விழும்? பக்கத்துக்கும் இதே கணக்குதான். ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு, பத்தியின் முதலெழுத்து, பக்க எண் என இவற்றில் ஏதேனும் ஒன்றில் மட்டும் சிவப்பு இருக்கட்டும். மூன்றிலும் வேண்டாம்.

சிவப்புக்குத் துணையாக வெள்ளை வருவதையும் கவனியுங்கள். மார்ச் 1 அன்று ருமேனியர்கள் அணியும் மர்த்சிஷோர், சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய கயிறு. சில நாளோ மாதம் முழுவதுமோ அணிந்திருந்துவிட்டு, பல இடங்களில் அதைப் பூத்த மரக்கிளையில் கட்டிவிடுவார்கள். பல்கேரியா, வடக்கு மாசிடோனியா, மால்டோவா, ருமேனியா ஆகிய நான்கு நாடுகளுக்கும் பொதுவான இந்த மார்ச் வழக்கத்தை 2017இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே உங்கள் நூலில் காகிதமும் ஒரு நிறம். கிரீம் காகிதத்தில் அந்த வெள்ளை பழுப்பேறிவிடும். பூச்சில்லாத அச்சுத்தாளான மேப்லித்தோவில் நல்ல வெள்ளையாகப் பார்த்து வாங்குங்கள். அட்டையும் வெள்ளையாக இருக்கட்டும். பைண்டிங்கில் நூல் முதுகின் மேல்முனையில் ஒட்டும் சிறு பட்டை சிவப்பு வெள்ளைக் கோடுகளில் கிடைக்கும், அதைக் கேளுங்கள். பக்க அடையாள நாடாவையும் மர்த்சிஷோர் போல முறுக்க ஆசை வரும். இரண்டில் ஒன்று போதும்.

அச்சுக்கு வருவோம். நான்கு வண்ணத்தில் சிவப்பு என்பது மெஜந்தாவும் மஞ்சளும் ஒன்றின்மேல் ஒன்று விழுவது. தமிழ் எழுத்தின் சிறு சுழிகளில் இரண்டும் இம்மி விலகினாலும் ஓரம் கலங்கித் தெரியும். கறுப்போடு தனிச் சிவப்பு மையாக, ஸ்பாட் கலராக அடித்தால் எழுத்து கூர்மையாக நிற்கும். செலவும் பொதுவாகக் குறையும். ஒரே தாளில் சேர்ந்து அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதியைப் பாரம் என்பார்கள். 128 பக்கம் என்றால் 16 பக்க பாரங்கள் எட்டு. வண்ணப் படங்களையெல்லாம் ஒரே பாரத்தில் திரட்டி அதை மட்டும் வழவழப்பான பூச்சுள்ள ஆர்ட் பேப்பரில் நான்கு வண்ணத்தில் அடியுங்கள். மற்ற ஏழுக்கும் இரு வண்ணம் போதும்.

அந்த வண்ணப் பாரத்தின் பெரும்பங்கை ஈஸ்டருக்குச் சாயமிடும் முட்டைகளுக்குக் கொடுப்பேன். சிலுவையடியில் மரியாள் வைத்த கூடை முட்டைகள், இயேசுவின் ரத்தம் சொட்டிச் சிவந்தன என்பது அங்கே வழங்கும் கதை. வடக்கே புகோவினா பகுதியின் சொக்கனேஷ்ட் போன்ற ஊர்களில், குச்சி நுனியில் நுண்ணிய உலோகக் குழல் செருகிய கருவியால் உருகிய தேன்மெழுகை எடுத்து முட்டையில் கோடிழுப்பார்கள். வெள்ளை முட்டையில் முதலில் இழுத்த கோடு கடைசிவரை வெள்ளை. பிறகு மஞ்சள் சாயத்தில் முக்கி, மஞ்சளாக நிற்க வேண்டிய இடங்களுக்கு மெழுகிட்டு, சிவப்பில் முக்கி, மறுபடி மெழுகிட்டு, கடைசியில் கறுப்பு. சூடுகாட்டி மெழுகைத் துடைத்ததும் எல்லா நிறமும் ஒன்றாக வெளிப்படும். இந்த வரிசையைப் படிப்படியாக எதிரெதிர்ப் பக்கங்களில் காட்டுங்கள். தனி விளக்கக் கட்டுரை தேவைப்படாது.

பழைய பூவேலை ரவிக்கைகளின் படங்களில்தான் வடிவமைப்பாளர்கள் அத்துமீறுவார்கள். மஞ்சிட்டி இனச் செடியின் வேரில் சாயமேற்றிய நூல் செங்கல் பக்கம் சாயும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவிய செயற்கைச் சாயங்களில் பளிச்சென்ற சிவப்புகள் உண்டு. எல்லாவற்றையும் கணினியில் ஒரே சிவப்பாக்கினால் நூலின் பாதி வரலாறு போய்விடும். புதிதாகப் படமெடுத்தால் ஒளியைச் சற்றுக் குறைத்து எடுக்கச் சொல்லுங்கள். டிஜிட்டல் கேமராவில் அடர்சிவப்பு சீக்கிரம் நிரம்பி வழிந்து, தையலின் இழைகள் மறைந்து வெறும் திட்டாகிவிடும்.

ருமேனியப் பெயர்களை மூல எழுத்திலும் தருவதாக இருந்தால், அம்மொழியின் எஸ் (s), டி (t) எழுத்துகள் சிலவற்றின் அடியில் தனித்து நிற்கும் காற்புள்ளி வர வேண்டும். துருக்கிய எழுத்தில் உள்ளதுபோல ஒட்டிய கொக்கி வந்தால் ருமேனியர் கண்ணில் உடனே உறுத்தும். உங்கள் எழுத்துருவில் அது இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

அச்சகத்தில் ஆர்ட் பேப்பர் மாதிரியைக் காட்டிச் சிவப்பைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மேப்லித்தோ மையை உறிஞ்சும். அதே சிவப்பு உலர்ந்ததும் மங்கும். உங்கள் காகிதத்திலேயே ஒரு தாள் அடித்து வாங்கி, மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.