காணிப் பேச்சு கற்க ஓர் ஆச்சி போதும்

கேள்வி: விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கிறேன். காரையாறு பக்கம் காணிப் பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்றில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். அவர்கள் தங்களுக்குள் பேசுவது பாதிதான் புரிகிறது. அந்தப் பேச்சைக் கற்க ஆசை. ஆனால் புத்தகமோ செயலியோ கிடைக்கவில்லை. எப்படித் தொடங்குவது?

பதில்: புத்தகம் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். உண்மையான சிக்கல் வேறு. நீங்கள் வாசலில் நின்றதுமே அவர்கள் தமிழுக்கு மாறிவிடுவார்கள். வந்தவருக்குக் காட்டும் மரியாதை அது. பேசுபவர் குறைந்த மொழிகளில் பெரும்பாலும் இதுதான் நிலைமை: எல்லோருக்கும் இரண்டு மொழி தெரியும், சின்ன மொழி வீட்டுக்குள் ஒதுங்கிக்கொள்ளும்.

அதனால் பேரப்பிள்ளைகளோடு நாள் முழுக்கப் பேசும் ஓர் ஆச்சியைத் தேடுங்கள். "ஆச்சி, எனக்குத் தமிழ்ல பதில் சொல்லாதீங்க" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் போதுமா? தாராளமாகப் போதும். 1930களில் நீலகிரிக்கு வந்த மொழியறிஞர் எமனோ, அங்குள்ள கோத்தர் பழங்குடியினரின் மொழிக் கதைகளைச் சுல்லி என்ற ஒருவரிடம் கேட்டே எழுதினார்.

"இதை உங்க பேச்சுல எப்படிச் சொல்வீங்க?", "இன்னொரு தடவை சொல்லுங்க". இந்த இரண்டையும் முதலில் காணிப் பேச்சிலேயே கற்றுக்கொள்ளுங்கள். அப்புறம் பொருள்களின் பெயர். ஆனால் அதிலேயே நின்றுவிட வேண்டாம்; முடிச்சு வினைச்சொல்லில் இருக்கிறது. ஆச்சி மரச்சீனிக் கிழங்கு உரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, நான் தின்றேன், நீ தின்றாய், அவள் தின்றாள், அவர்கள் தின்றார்கள், தின்னவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தமிழில் ஆளுக்கு ஆள் வால் மாறுகிறது. மலையாளத்தில் எல்லோருக்கும் 'தின்னு'தான். காணிப் பேச்சு இந்த இரண்டுக்கும் நடுவில் வாழ்வது. உங்கள் ஆச்சியின் பேச்சு எந்த இடத்தில் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை இந்தச் சில வாக்கியங்களே காட்டிவிடும். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த கட்டம் இது.

எழுதும்போது ஒரு கவனம். தமிழில் 'கல்'லுக்கும் 'கங்கை'க்கும் முதலெழுத்து ஒன்றுதான், ஒலி வேறு. கங்கையின் ஒலி கேட்டால் எழுத்தின் கீழே ஒரு கோடு போட்டு வையுங்கள். சம்மதம் கேட்டு போனில் பதிவு செய்யுங்கள். ஒரு பிரதி அந்த வீட்டுக்கும் சேர வேண்டும்.

இதைக் கொச்சைத் தமிழ் என்பவர்களிடம் தலையாட்டாதீர்கள். நம் நெல்லைப் பேச்சின் 'வந்தாவ', 'போனாவ'வைக் கேட்டுப் பிற ஊர்க்காரர்கள் சிரித்தபோது நமக்கு எப்படி வலித்தது!

வகுப்பு முடியும்போது பத்து நிமிடம் பிள்ளைகளை உங்களுக்கு வாத்தியாராக்குங்கள். தங்கள் வீட்டுச் சொல்லை டீச்சர் நோட்டில் எழுதுவதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். தப்பாகச் சொன்னால் தயங்காமல் திருத்துவார்கள். ஆச்சி மரியாதைக்கு விட்டுவிடுவார்.

கொக்கரை என்ற இரும்பு இசைக்கருவியை உரசிப் பாடும் சடங்குப் பாட்டுகளை இப்போது தொட வேண்டாம். பேச்சு நன்றாகப் பிடிபட்ட பிறகு, ஊர்த்தலைவரான மூட்டுக்காணியிடம் கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் உட்கார்ந்து கேளுங்கள்.