துக்காம்பாளையத் தெருவில் யாரைத் தேடுகிறீர்கள்?

கேள்வி: எனக்கு 27 வயது. தி.ஜானகிராமனின் ‘மோகமுள்’ நாவலை நான்கு முறை படித்துவிட்டேன். யமுனாவை விட்டு மனசு நகர மாட்டேன் என்கிறது. வீட்டில் எனக்குப் பெண் பார்க்கிறார்கள். இதுவரை மூன்று இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யாரிடமும் யமுனாவின் சாயல்கூட இல்லை. அம்மாவிடம் காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. நண்பர்களோ சிரிக்கிறார்கள். ஒரு கதாபாத்திரத்தைக் காதலிப்பது தப்பா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: தப்பே இல்லை. சிரிக்கிற நண்பர்களை விட்டுத் தள்ளுங்கள். அவர்களுக்கு அந்த நாவல் இன்னும் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

சுதேசமித்திரன் பத்திரிகையில் தொடராக வந்த காலத்திலிருந்தே யமுனாவிடம் மனசைக் கொடுத்தவர்கள் ஏராளம். கும்பகோணத்துக்கு ரயில் ஏறிப் போய், துக்காம்பாளையத் தெரு எது என்று விசாரித்து, அவள் இருந்த வீடு இதுவாக இருக்குமோ அதுவாக இருக்குமோ என்று நடந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நானும் போனேன், 22 வயதில். ஒரு வீட்டுத் திண்ணை ஓரம் நின்று வாசற்கதவின் பித்தளைக் குமிழ்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு அம்மாள் வந்து, “யாரைத் தேடறே தம்பி?” என்றார். பதில் வரவில்லை. வெயிலில் வந்த பையன் என்று நினைத்திருக்க வேண்டும், ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கதவின் குமிழ்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. தண்ணீர் கொடுத்தவரின் முகம் நினைவில்லை. அவரை நான் பார்க்கவே இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதம் மூன்று பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். இரண்டரைப் பக்கம் யமுனா. மிச்ச அரைப் பக்கத்தில் அந்த மூன்று பெண்களும். ஒருத்தி என்ன படித்தாள், என்ன பேசினாள், உங்களிடம் ஏதாவது கேட்டாளா, எதுவும் இல்லை. “சாயல் இல்லை” என்பதோடு சரி.

யமுனா யார்? தஞ்சாவூர் மராத்தியத் தாய்க்கும், ஏற்கெனவே குடும்பம் உள்ள தமிழ்ப் பிராமணருக்கும் பிறந்தவள். அந்தப் பிறப்பை வைத்தே அவளுக்குக் கல்யாணம் தட்டிப் போகிறது. வருகிறார்கள், பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். அழகில்லை என்றோ குணமில்லை என்றோ யாராலும் சொல்ல முடியாது. அவர்கள் மனசில் ஏற்கெனவே ஒரு அளவுகோல் இருக்கிறது, அதற்கு அவள் சரிப்பட்டு வரவில்லை. வயது ஏறிக்கொண்டே போகிறது. அப்பா போன பிறகு வீட்டில் வறுமையும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாவலில் எனக்கு நெஞ்சை அடைக்கிற இடம், அவளையே நினைத்து உருகுகிற கதாநாயகன் பாபுவின் தவிப்பு அல்ல, இதுதான்.

அந்த வீட்டுப் படியிறங்கிப் போனவர்கள் செய்ததை, அந்த யமுனாவின் பெயராலேயே, நீங்கள் மூன்று வீட்டில் செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அவர்கள் கையில் குலம் கோத்திரம் என்ற அளவுகோல், உங்கள் கையில் ஒரு நாவல். உள்ளே காத்திருந்த பெண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள். நான்கு முறை படித்த உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

இன்னொன்றும் கவனியுங்கள். தி.ஜா. நமக்குக் காட்டுகிற யமுனா பாபுவின் கண் வழியாக வருகிறவள். தன்னைவிடப் பத்து வயது மூத்தவளைத் தெய்வம் மாதிரி வைத்துப் பூஜை செய்கிறான் அவன். ரங்கண்ணாவிடம் சங்கீதம் கற்றுக்கொள்கிற காது வேறு அவனுக்கு. ஆகவே அவள் நடந்தாலும் நிமிர்ந்தாலும் நமக்குள் ஏதோ ஒரு தந்தி அதிர்கிறது. யமுனா தனியாக இருக்கும்போது என்ன நினைக்கிறாள் என்று அநேகமாக நமக்குத் தெரிவதே இல்லை. நீங்கள் காதலிப்பதில் பாதி யமுனா, பாதி பாபுவின் தாபம். அந்தத் தாபத்தை எழுத்தில் கொண்டுவந்த கைக்குத்தான் முதல் வணக்கம். ஆனால் உங்களோடு குடித்தனம் நடத்த வருகிற எந்தப் பெண்ணையும் தி.ஜா. எழுதித் தரப்போவதில்லை. பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது நீங்கள்.

அப்புறம் தங்கம்மா. கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட அந்தச் சின்னப் பெண், தவிப்புத் தாங்காமல் பாபுவைத் தேடி வருகிறாள். அந்த இரவுக்குப் பிறகு அவன் உருகுவது யமுனாவுக்குத் துரோகம் செய்துவிட்டோமே என்று. தங்கம்மா உயிரையே விட்டுவிடுகிறாள். இத்தனை வருஷத்தில் யமுனாவைப் பற்றி எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்துவிட்டன. தங்கம்மா மனசை விட்டுப் போகவில்லை என்று எழுதியவர் ஒருவர்கூட இல்லை. உங்கள் மூன்று பக்கத்திலும் அவள் பெயர் இல்லை. இருந்திருந்தால், நீங்கள் அந்த நாவலில் பாபு நிற்கிற இடத்தை விட்டு ஒரு அடியாவது நகர்ந்திருக்கிறீர்கள் என்று தெரிந்திருக்கும்.

புத்தகத்தைத் தூக்கி வைத்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஐந்தாம் தடவையும் படியுங்கள். இந்த முறை பாபு கூடவே போகாமல், பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு அந்த வீட்டிலேயே கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். விரித்த ஜமக்காளத்தை மடித்து வைப்பது யார், தலையில் வைத்த பூவை யமுனா எப்போது எடுத்துப் போடுகிறாள், அவள் அம்மா அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டாளா என்று யோசியுங்கள். தி.ஜா. எழுதாமல் விட்டதையும் வாசகன் யோசிக்கலாம், அதுவும் காதலில் சேர்த்திதான்.

அம்மாவிடம் காரணத்தை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர் திட்டினாலும் பரவாயில்லை, மகனுக்கு என்ன நடக்கிறது என்று தெரியாமல் தவிப்பதைவிட அது மேல். கூடவே அவரிடம் ஒன்று கேளுங்கள்: அந்த மூன்று வீட்டுக்கும் பதில் போய்விட்டதா? “ஊருக்குப் போய் ஃபோன் பண்ணுகிறோம்” என்று சொல்லிவிட்டு வந்திருந்தால், அங்கே ஃபோன் அடிக்கும்போதெல்லாம் யாரோ ஒருவர் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்துகொண்டிருப்பார்கள்.