47 சரியாக வருகிறது, ரீட்-சாலமன் மட்டும் தோற்கிறது: டீஇன்டர்லீவரைப் பாருங்கள்

நீங்கள் எழுதும் டி.வி.பி. (டிஜிட்டல் டிவி ஒளிபரப்புத் தரநிலை) ரிசீவர் நிரலில், முதல் கட்டப் பிழைதிருத்தியான விட்டர்பி டீகோடருக்குப் பிறகு, பாக்கெட்டின் தொடக்கத்தைக் காட்டும் ஒத்திசைவு பைட்டான ஹெக்ஸ் 47 (எட்டில் ஒருமுறை பி8) 204 பைட்டுக்கு ஒருமுறை தவறாமல் வருகிறது, ஆனாலும் ஒரு பாக்கெட்டைக்கூட இரண்டாம் கட்டப் பிழைதிருத்தியான ரீட்-சாலமன் தேற்றவில்லை என்கிறீர்கள். ஆன்டெனாவை விட்டுவிடுங்கள். சிக்னல் மோசமென்றால் சில பாக்கெட்டுகளாவது தேறிவிடும். மொத்தமும் தோற்பது பைட் வரிசை கலைந்ததற்கான அடையாளம்.

அனுப்பும்போது பைட்டுகளைக் கலைத்துப் பரப்புவது இன்டர்லீவர்; வாங்கும்போது அவற்றைப் பழைய வரிசைக்குக் கொண்டுவருவது டீஇன்டர்லீவர். டி.வி.பி. இன்டர்லீவருக்கு 12 கிளைகள்; பைட்டுகள் ஒவ்வொன்றாக இவற்றில் சுழற்சி முறையில் போகும். அனுப்பும் பக்கத்தில் தாமதம் 0, 17, 34 என ஏறி, கடைசிக் கிளையில் 187 இடங்கள். வாங்கும் பக்கத்தில் இது தலைகீழ்: முதல் கிளைக்குத்தான் 187. அனுப்பும் பக்கத்து அட்டவணையை அப்படியே எழுதியிருக்கிறீர்கள் என்பது என் ஊகம். 204 என்பது 12-ன் மடங்கு என்பதால், ஒத்திசைவு பைட் எப்போதும் முதல் கிளையிலேயே போகும். தாமதங்கள் தவறாக இருந்தாலும் 47 அதன் இடத்தில் நிற்கும். அதை நம்பி ஏமாறாதீர்கள்.

சோதிக்க, முதல் பாக்கெட் முழுக்க 1, அடுத்ததில் 2 என நிரப்பி, இன்டர்லீவர், டீஇன்டர்லீவர் இரண்டிலும் செலுத்துங்கள். 11 பாக்கெட் தாமதத்துக்குப் பின் ஒவ்வொன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். எல்லாப் பாக்கெட்டையும் ஒரே மாதிரி நிரப்பிவிடாதீர்கள். கிளைத் தாமதங்கள் முழுப் பாக்கெட்டுகளாகவே அமைவதால் தவறான நிரலும் தேறிவிடும்.

இன்னொன்று: எட்டில் ஒரு பாக்கெட் 47-க்குப் பதிலாக பி8 (47-இன் 0, 1 பிட்டுகளை மாற்றிப் போட்டது) என்று தொடங்கும். அதை ரீட்-சாலமனுக்கு முன்பே 47 ஆக்காதீர்கள். ஒரு பாக்கெட்டில் ரீட்-சாலமன் திருத்தக்கூடிய 8 பைட்டுகளில் ஒன்று வீணாகும். ஏழு பி8, ஒரு 47 என்று வந்தால் எல்லாப் பிட்டுகளிலும் 0-வும் 1-உம் இடம் மாறியிருக்கின்றன.