யூடியூபில் ஓவியம் கற்றுக்கொள்ள முடியும்போது அரசு கவின் கலைக் கல்லூரி எதற்கு?

கேள்வி இது: "சென்னை எழும்பூர் பக்கம் இருக்கிற அரசு கவின் கலைக் கல்லூரியில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்? வரைவதை யூடியூபிலேயே கற்றுக்கொள்ளலாமே, அரசு எதற்குக் காசு செலவழிக்க வேண்டும்?"

வரைய மட்டும்தான் வேண்டும் என்றால் யூடியூப் போதும். தினமும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் கை வந்துவிடும். ஆனால் சூளை, செதுக்கச்சு (தகட்டில் கீறிய படத்தைத் தாளில் அச்சிடும் கலை) இயந்திரம், தறி, உலோகம் உருக்கும் உலை இதெல்லாம் யாருடைய வீட்டு மாடியிலும் கிடையாது. அந்தக் கல்லூரியை ஓவியப் பள்ளி என்று நினைப்பதில்தான் குழப்பமே. அது தொடக்கத்திலிருந்தே ஒரு பட்டறை. ஓவியம் அதில் ஒரு பகுதி.

முதலில் ஒரு சின்னத் தெளிவு. பலர் இதையும் லலித் கலா அகாதெமியையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். அகாதெமி என்பது 1954இல் டெல்லியில் மத்திய அரசு நிறுவிய அமைப்பு. கண்காட்சி, விருது, நிதியுதவி அதன் வேலை, பட்டம் தராது. அதன் சென்னை மையம் கிரீம்ஸ் சாலையில் இருக்கிறது. கல்லூரி மாநில அரசின் கலை பண்பாட்டுத் துறையைச் சேர்ந்தது, ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் இருக்கிறது, பட்டம் தருகிறது. இரண்டுக்கும் ஒரு சுவையான தொடர்பு உண்டு: அகாதெமியின் முதல் தலைவரான தேவிபிரசாத் ராய் சௌத்ரி அப்போது இந்தச் சென்னைப் பள்ளியின் முதல்வராக இருந்தவர்.

இனி வரலாறு. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் பிராட்வேயில் தன் சொந்த முயற்சியில் ஒரு கலைப் பள்ளி தொடங்கினார். அடுத்த ஆண்டே அதோடு தொழிற்கலைப் பிரிவு ஒன்றைச் சேர்த்தார். மண்பாண்டம், செங்கல், ஓடு, மரச்செதுக்கு அச்சு எல்லாம் அதில் வந்தன. 1852இல் இப்போதைய இடத்துக்கு, அதாவது இன்று ஈ.வெ.ரா. பெரியார் சாலை எனப்படும் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு, வந்தது. 1855இல் அரசு ஏற்றுக்கொண்டது. புகைப்படக் கலை இந்தியாவுக்கு வந்து அதிக காலம் ஆகாத 1850களிலேயே இங்கே அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு மருத்துவர் ஏன் களிமண்ணைப் பிசைந்து பார்த்தார் என்று கேட்கத் தோன்றும். உள்ளூர் மண்ணில் மெருகேறிய பாத்திரம் செய்ய முடியுமா, இறக்குமதியைக் குறைக்க முடியுமா என்பதே அவருடைய கவலை. 'நுண்கலை' என்ற சொல்லுக்கு அங்கே அப்போது பெரிய மரியாதை இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு 1877 முதல் 1883 வரை கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் பொறுப்பில் இருந்தார். கடற்கரைச் சாலையில் இருக்கும் செனட் ஹவுஸ் அவர் வடிவமைத்ததுதான். 1884இல் ஈ.பி. ஹாவல் வந்தார். லண்டன் தென் கென்சிங்டன் முறைப்படி கிரேக்கச் சிலைகளின் பிளாஸ்டர் நகலை வைத்து வரைய வைப்பது அந்தக் காலப் பாடம். இங்குள்ள கைவினைஞர்களின் வேலையைப் பார்த்த பிறகு இவருக்கு அதில் நம்பிக்கை குறைந்தது. 1896இல் கல்கத்தா கலைப் பள்ளிக்குப் போனவர் அங்கே ஓவியர் அவனீந்திரநாத் தாகூரோடு சேர்ந்து, இந்திய மரபை முன்னிறுத்திப் பாடத்தையே திருப்பிப் போட்டார்.

இந்த வரலாற்றில் பலர் தாண்டிப் போகும் ஒரு பகுதி அலுமினியம். ஹாவலுக்குப் பின் பொறியியல் பேராசிரியர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் பள்ளியின் பொறுப்பைக் கவனித்தபோது, 1898 வாக்கில், அங்கேயே அலுமினியப் பாத்திரம் செய்து பார்த்தார். அவர் கணக்கு எளிமையானது. செம்பும் பித்தளையும் தட்டிப் பழகிய கன்னார்களின் கைக்கு அலுமினியத் தகடு புதிதே அல்ல. அதே சுத்தியல், அதே பட்டடை. தகடு மட்டும் வெளியிலிருந்து வந்தால் போதும். பாத்திரம் விற்றது, பட்டறை வளர்ந்தது, 1903இல் அதை ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். நம் வீட்டு அலுமினியக் குண்டானின் வம்சாவளியில் ஒரு கலைப் பள்ளி இருக்கிறது என்பது இன்றைக்கு அங்கே படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

1929இல் பொறுப்பேற்ற தேவிபிரசாத்தான் முதல் இந்தியத் தலைவர். அவனீந்திரநாத்திடம் பயின்றவர். ஹாவல் இங்கிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுபோனது ஒரு தலைமுறை கழித்து இவர் வழியாகத் திரும்பி வந்தது எனலாம். வந்தவர் சிலை பக்கம் சாய்ந்தார். மெரினாவில் 1959இல் வைத்த உழைப்பாளர் சிலை, அதே ஆண்டு வைத்த காந்தி சிலை இரண்டும் அவருடையவை. உழைப்பாளர் சிலைக்குக் கல்லூரியின் இரவுக் காவலரும் ஒரு மாணவரும் மாதிரியாக நின்றார்கள் என்று சொல்வதுண்டு.

1957இல் அவருக்குப் பின் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார். அவர் எதிர்கொண்ட கேள்வி ரொம்பவும் நடைமுறையானது: படித்து முடித்த ஓவியன் சாப்பாட்டுக்கு என்ன செய்வான்? படம் வாங்க ஆள் இல்லை. பத்திக் துணி வாங்க ஆள் இருந்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் மெழுகு தடவிச் சாயம் தோய்த்த துணி, தோல், உலோகப் பொருள்களைச் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தை அடித்தளமாக வைத்து 1966இல் இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம் எழுந்தது. ஓவியத்துக்குக் கைவினை சோறு போட்டது. அதோடு முடியவில்லை. சிற்பி பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி, கம்பியைப் பற்றவைத்துச் செய்த சிலைகளைப் பார்த்தால் கோயில் மூலவருக்குச் சாத்தும் கவசம் நினைவுக்கு வரும். கைவினைப் பட்டறை பக்கத்து அறையில் இல்லாமல் போயிருந்தால் அந்த மாதிரி நவீன சிற்பம் இங்கே வந்திருக்காது என்பது என் துணிபு.

சரி, யூடியூப் தராதது என்ன? ஒரு வேலையை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். களிமண்ணில் செய்த ஆள் தலையைப் பிளாஸ்டருக்கு மாற்றுவது. சிற்பத் துறையில் இதிலிருந்து தப்பிக்க முடியாது.

பலகையில் நட்ட கட்டையும் வளைத்த கம்பியும்தான் ஆர்மேச்சர், அதாவது களிமண்ணை உள்ளிருந்து தாங்கும் கூடு. கம்பிக்குள் இரண்டு சிறு குச்சிகளைக் குறுக்காகக் கட்டித் தொங்கவிட வேண்டும். இதற்கு 'பட்டர்ஃப்ளை' என்று பெயர். அதை விட்டுவிட்டால் மூன்றாம் நாள் காலையில் வந்து பார்க்கும்போது தாடை ஒரு விரற்கடை இறங்கியிருக்கும், மாடலுக்கு வயதாகியிருக்கும். முழு அளவுத் தலைக்கு 12 முதல் 15 கிலோ களிமண் பிடிக்கும். வேலை இல்லாத நேரம் முழுக்க ஈரத்துணியும் அதன்மேல் பிளாஸ்டிக் தாளும்.

மண் வேலை முடிந்ததும் உச்சந்தலை வழியாகக் காதுக்குப் பின்னால் இரு பக்கமும் தோள்வரை மெல்லிய பித்தளைத் தகட்டுத் துண்டுகளை வரிசையாகக் குத்தி நிறுத்துவார்கள். அச்சு முன், பின் என்று இரண்டாகப் பிரிய இதுதான் வேலி. அடுத்தது பிளாஸ்டர் கரைப்பது. தண்ணீரில்தான் மாவைத் தூவ வேண்டும், மாவில் தண்ணீரை ஊற்றக்கூடாது. 1 லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 முதல் 1.5 கிலோ. மேலே மணல் திட்டு மாதிரி தெரியும்வரை தூவி, ஒரு நிமிடம் ஊறவிட்டு, கையை அடியில் வைத்துக் குமிழி வராமல் கலக்க வேண்டும். முந்தைய கலவை ஒட்டிய சட்டியைக் கழுவாமல் மறுபடி கரைத்தால் கண்ணெதிரே கட்டிப்போகும். இறுகிய துகள் புதியதையும் விரைவாக இறுக வைக்கும் என்பது காரணம். சென்னையில் இன்னொரு தொல்லை ஐப்பசி மழை. திறந்த மூட்டை காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். அந்த மாவு கரைந்தாலும் பலமாக இறுகாது, நகத்தால் கீறினாலே உதிரும்.

முதல் பூச்சில் கொஞ்சம் சலவை நீலம் கலப்பார்கள். இது அழகுக்கு இல்லை. கடைசியில் அச்சை உளியால் உடைக்கும்போது நீலம் தெரிந்தால் "அடுத்தது சிலை, மெதுவாகப் போ" என்று பொருள். அரை சென்டிமீட்டர் கனத்துக்கு விரலால் சுண்டித் தெளித்து, அதன்மேல் நீர்த்த களிமண் ஒரு கை பூசி, பிறகு வெள்ளைப் பிளாஸ்டர் 2 சென்டிமீட்டருக்குப் போட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத் தகட்டு ஓரத்தில் தண்ணீர் விட்டுத் தட்டினால் பின்பகுதி விலகும். மண்ணைத் தோண்டி எடுத்துக் கழுவ வேண்டும். பாதிக்குப் பாதி வேலை கெடுவது இதற்கு அடுத்த இடத்தில். உட்புறத்தில் சோப்புக் கரைசலை மூன்று முறையாவது பூசித் துடைக்க வேண்டும். பிளாஸ்டர் உறிஞ்சுவதை நிறுத்தி, மேலே விட்ட தண்ணீர் முத்து முத்தாக நிற்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு பூச்சோடு நிறுத்தினால் அச்சும் வார்ப்பும் ஒரே கல்லாகிவிடும். பிறகு உளி வைத்தால் முதலில் போவது மூக்கு, அடுத்தது காது.

அச்சுக்குள் புதுப் பிளாஸ்டரை வார்க்கும்போது உள்ளே தேங்காய் நாரைப் பிளாஸ்டரில் தோய்த்து ஒட்டினால் சிலை லேசாகவும் உறுதியாகவும் இருக்கும். அச்சும் வார்ப்பும் சேர்த்து ஒரு தலைக்கு 12 முதல் 15 கிலோ பிளாஸ்டர் போய்விடும். உடைக்கும்போது மொட்டை உளியை நேராகப் பிடித்துப் பின்தலையிலிருந்து தொடங்க வேண்டும், மூக்கையும் காதையும் கடைசிக்கு வைக்க வேண்டும். ஒரு அச்சுக்கு ஒரே வார்ப்பு. தவறினால் மண்ணும் இல்லை, அச்சும் இல்லை.

இதைக் காணொளியில் பார்க்கலாம்தான். ஆனால் பிளாஸ்டர் எந்த நொடியில் தயிர்ப் பதத்திலிருந்து வெண்ணெய்ப் பதத்துக்கு மாறுகிறது என்பதை விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அருகில் நின்று "இப்போ போடு" என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

மரபு முறையில் உலோகச் சிலை வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதியின் வழி இதற்கு நேர் எதிர். அவர் களிமண்ணில் தொடங்குவதில்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் தாள அளவுப்படி (சிற்ப மரபின் உறுப்பு அளவு முறைப்படி) உருவத்தை நேரடியாகச் செய்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார். அந்த மரபைக் கற்க வேண்டும் என்றால் 1957இல் தொடங்கிய மாமல்லபுரம் அரசு கட்டடக் கலை, சிற்பக் கலைக் கல்லூரிதான் சரியான இடம். ஸ்தபதி ஆக வேண்டும் என்று சென்னைக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பதும், நவீன சிற்பி ஆக வேண்டும் என்று மாமல்லபுரம் போவதும் ஒவ்வொரு ஆண்டும் நடக்கிற தப்பு.

செதுக்கச்சுத் துறையிலும் இதே கதைதான். துத்தநாகத் தகட்டில் மெழுகுப் பூச்சு போட்டு, ஊசியால் கீறி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் அரிக்க வைப்பார்கள். தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும், ஒருபோதும் மாற்றி அல்ல. கோடுகளில் வரும் குமிழிகளைக் கோழி இறகால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் அமிலம் மார்கழியைவிட வேகமாகத் தின்னும் என்பதால் நேற்றைய நிமிடக் கணக்கு இன்றைக்குச் செல்லாது. ஒரு துண்டுத் தகட்டில் சோதித்த பிறகே பெரிய தகட்டை இறக்குவார்கள். காற்றோட்டம் இல்லாத அறையில் இதைச் செய்யவே கூடாது. வீட்டுக் குளியலறையில் முயல நினைக்கிறவர்களுக்கும் இதே பதில்.

இப்போது இளங்கலை, அதாவது பி.எஃப்.ஏ., நான்கு ஆண்டு. ஓவியம், சிற்பம், காட்சித் தொடர்பு வடிவமைப்பு, துணி வடிவமைப்பு, சுடுமண் வடிவமைப்பு, செதுக்கச்சு என்று துறைகள். முதுகலையும் உண்டு. 2013இல் உருவான இசை மற்றும் கவின் கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. கும்பகோணத்திலும் ஓர் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. ஓவியர் கோபுலு படித்தது கும்பகோணத்தில்தான்.

பெயர் மாற்றத்தைக் கவனித்தீர்களா? தொழிற்கலைப் பள்ளி, பிறகு கலை தொழிற்கலைப் பள்ளி, இப்போது கவின் கலைக் கல்லூரி. 'தொழில்' பெயரிலிருந்து போனது மதிப்பு கூடுவதற்காக. அதனாலேயே விண்ணப்பிக்கிறவர்களில் பெரும்பாலோர் ஓவியமும் காட்சித் தொடர்பும் மட்டும் கேட்கிறார்கள். சுடுமண், துணி இரண்டும் இடம் கிடைக்காதவர்களின் துறை என்ற பேச்சு வந்துவிட்டது. எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. கணினியில் செய்யும் வேலையை வெளியிலும் கற்கலாம். 1,200 டிகிரிக்குப் போகும் சூளையை, பாண்டத்தின் மேல் பூசும் எந்த மெருகு எந்தச் சூட்டில் உருகி வழியும் என்று தெரிந்த ஆசிரியரோடு சேர்த்து, வேறெங்கே கொடுப்பார்கள்?

சேர்க்கைக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. தேதியும் தகுதியும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். தயாரிப்பில் பலரும் சறுக்குவது கைபேசிப் புகைப்படத்தைப் பார்த்து நடிகர் முகத்தை மழுமழுவென்று தேய்த்துப் பழகுவதில். தேர்வில் எதிரே இருப்பது உயிருள்ள ஆளோ, மேசைமேல் வைத்த பானையும் துணியுமோதான். பானையின் வாய் எந்த அளவு நீள்வட்டமாகத் தெரிகிறது, அது கண் மட்டத்துக்குக் கீழே போகப்போக எப்படி அகல்கிறது என்பதைப் பார்த்து வரைய வராதவருக்கு நிழல் தேய்ப்பு உதவாது. இரண்டு மாதம் கையில் நோட்டோடு கோயம்பேடு சந்தையிலோ எழும்பூர் ரயில் நிலையத்திலோ உட்காருங்கள். ஆள் நகர்ந்துவிடுவார், அதுதான் பயிற்சி. 4பி பென்சில், அழிப்பான் இல்லாமல்.